நான்காவதாக வந்தது

மூன்று கேட்டாள், நான்கு வந்து நின்றன.

மார்னி கோஸ்கி திரையில் ஓடி முடிந்த வரிகளை விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள். தேதிகளைப் படிக்க ஒரு மாட்யூல், வரைபடம் போட ஒன்று, அட்டவணையைக் கோப்பாக மாற்ற ஒன்று. கேட்ட மூன்றும் பச்சை எழுத்தில் ஒழுங்காக இறங்கியிருந்தன. அவற்றுக்குக் கீழே, அழைக்காமலே பந்தியில் உட்கார்ந்துவிட்ட ஆள் மாதிரி இன்னொன்று இருந்தது. 'படிகள் 14'. பெயர் படிகள், பதிப்பு எண் பதினான்கு.

இதில் திகைக்க ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாரோ எங்கோ எழுதிவைத்த நிரல் பொட்டலம்தானே மாட்யூல் என்பது. ஒன்றைக் கூப்பிட்டால் அது தனக்கு வேண்டிய இன்னொன்றைக் கையோடு இழுத்துக்கொண்டு வரும். பெயர்களும் கோமாளித்தனமாகத்தான் இருக்கும்; எழுதுகிறவர்கள் வளர்க்கும் பூனையின் பெயரையும் தின்ற பலகாரத்தின் பெயரையும் வைத்துவிடுவார்கள். இருந்தாலும் அந்த வரியை விட்டுக் கண் நகர மறுத்தது.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி. ஏரிக்கு மேலிருந்து வந்த பனிப்புயல் காலையிலேயே டுலூத் நகரத்தை மூடிவிட்டது. பன்னிரண்டு மணிக்கே எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்க, நாலாவது மாடியில் மார்னி மட்டும் மிச்சமிருந்தாள். யாரும் கொட்டாமல் விட்டுப்போன காபி, சூட்டுத்தட்டில் தீய்ந்து புகைவாசம் அடித்தது. ஹீட்டர் குழாய்மேல் காயப்போட்ட அவளுடைய கம்பளிக் கையுறை ஈர நாயின் வாடையைக் கிளப்பியது. ஜன்னல் கண்ணாடியில் பொடிப்பனி உப்பைக் கொட்டுவதுபோல ஓயாமல் சரசரத்துக்கொண்டிருக்க, சுவருக்குள் எங்கோ குழாய் டக் டக்கென்று தட்டி, கொஞ்சம் நின்று, யோசித்து, மறுபடி தட்டியது. வெளியே தெருவும் இல்லை, ஏரியும் இல்லை, வெள்ளை மட்டும் இருந்தது.

அவளுக்கும் போயிருக்கத்தான் ஆசை. ஆனால் இன்றோடு அவளுடைய ப்ரொபேஷன் முடிகிறது. பனி பெய்து கூரை இடிந்த வீடுகளின் இழப்பீட்டு அறிக்கை நாலரை மணிக்குள் மேலாளர் கெய்லிடம் போகவேண்டும். போனால் வேலை நிலைக்கும், வேலையோடு வரும் மருத்துவக் காப்பீடும் நிலைக்கும். போகாவிட்டால் இரண்டும் இல்லை. அவள் மகள் லினேயாவுக்குப் பதினொரு வயது. ஐந்து வயதிலிருந்து இன்சுலின். அந்தக் காப்பீடு இல்லாமல் ஒரு மாதத்தை எப்படி ஓட்டுவது என்று மார்னி ஒருமுறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம் யோசிப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

நேற்றுவரை எல்லாம் சரியாக ஓடியது. இன்று காலை அவளுடைய கணினியை யாரோ புதுப்பித்துத் தொலைத்ததில் மூன்று மாட்யூல்கள் காணாமல் போயின. வெளியிலிருந்து இறக்கலாம் என்றால் நடுவே ப்ராக்ஸி இருக்கிறது. அலுவலகத்தில் எல்லாரும் அதைக் கேட் என்றுதான் சொல்வார்கள். உலகத்துக்கும் அவர்கள் மேசைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பார்ப்பது அதன் வேலை. பார்த்துவிட்டு எதையும் விடாமல் இருப்பது அதன் வழக்கம். முறைப்படி போனால் ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு விண்ணப்பம், இரண்டு கையெழுத்து, ஒன்பது வேலைநாள்.

அதனால் யாரும் முறைப்படி போவதில்லை. ஒரு சின்னக் கோப்பு கைமாறிக் கைமாறி மாடி முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. சேர்ந்த முதல் வாரமே பக்கத்து மேசை கொரின் அதை மார்னிக்கு அனுப்பிவிட்டாள். "இத போட்டுக்கோ. யார்கிட்டயும் சொல்லிடாத. எல்லார்கிட்டயும் இருக்கு." அந்தக் கோப்பில் ஆறேழு வரி. கேட்டைச் சுற்றிக்கொண்டு போகும் வழி, அனுப்புகிறவன் யாரென்று சரிபார்க்க வேண்டாம் என்று ஒரு வரி. எதற்கெடுத்தாலும் 'சம்மதமா' என்று கேட்டுக் கழுத்தறுப்பதால், எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று மார்னி தானே ஒரு வரி சேர்த்திருந்தாள்.

இன்று அந்த வழியும் அடைத்துக் கிடந்தது. பன்னிரண்டரை மணியிலிருந்து மோதிப் பார்த்துவிட்டு, கடைசியில் கோப்பின் அடியில் இருந்த வரியைப் பார்த்தாள். வேறொரு முகவரி. யாரோ அதன் முன்னால் ஒரு குறி போட்டு, கணினி படிக்காதபடி செய்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு சொல்: 'வேண்டாம்'.

வேறு தொழில் செய்கிறவர்கள் அதைப் பார்த்துக் கையை எடுத்திருப்பார்கள். நிரல் எழுதுகிறவர்கள் எடுக்க மாட்டார்கள். ஓரத்தில் எழுதி வைத்த எச்சரிக்கைகளை அவர்கள் நம்புவதே இல்லை. எழுதியவன் வேலையை விட்டுப்போய் எத்தனை வருஷமோ, எந்தக் காலத்துப் பிரச்சினையோ, இப்போது சரியாகியிருக்கும் என்று அழித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். மார்னியும் அந்தக் குறியை அழித்தாள். ஒரே விநாடியில் இறங்க ஆரம்பித்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி.

மூன்று கேட்டதும் நான்கு வந்ததும் அப்போதுதான்.

செல்போன் அடித்தது. லினேயா.

"அம்மா, நூத்திப் பன்னெண்டு. நீ கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

"எனக்கே தெரியுது, போன்ல வருது." மகளின் கையில் ஒட்டிய சென்சார் நிமிஷத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவை மார்னியின் போனுக்கு அனுப்பும். "என்ன சாப்ட்ட?"

"நேத்து செஞ்ச ஹாட்டிஷ். மேல இருந்த உருளைக்கிழங்க மட்டும்."

"கீழ இருக்கறத யாரு சாப்டுவா, மேயரா?"

"வந்து நீ சாப்டு. எப்ப வருவ?"

"அஞ்சு மணிக்குள்ள. ஸ்கூல் லீவுன்னு நாள் பூரா வீடியோ பாத்துட்டே இருக்காத."

"பாக்கல. அம்மா, வாசல்ல யாரோ பனி தள்ளறாங்க. படியில பூட்ஸ் சத்தம் கேக்குது."

"வீட்டுக்காரரா இருக்கும். கதவத் திறக்காத."

"திறக்கல. மெதுவா ஏர்றாரு. ஒவ்வொரு படியிலயும் நிக்கறாரு. வயசாயிடுச்சு போல."

போனை வைத்தபிறகுதான் மார்னிக்கு உறைத்தது. வீட்டுக்காரர் முப்பத்தைந்து வயதுக்காரர். மாரத்தான் ஓடுகிறவர்.

மறுபடி அந்த வரியைப் பார்த்தாள். வந்த பொட்டலத்தைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது என்று தோன்றியது. கோப்புறைக்குள் நிரல் எதுவும் இல்லை. வழக்கமாகக் கூடவே வைக்கும் குறிப்புக் கோப்பு மட்டும் இருந்தது. திறந்தாள். ஒரே வரி.

'ஏழாவது படி உடைந்திருக்கிறது. தாண்டிக் கால் வைக்கவும்.'

மலைச்சரிவில் இருந்தது அவர்கள் வீடு. தெருவிலிருந்து வாசலுக்கு ஏற மரப்படிகள். பதினான்கு. நவம்பர் மாதம் நன்றி விருந்து அன்றைக்கு மார்னியின் கால் பட்டு உடைந்தது ஏழாவது. இன்னும் சரிசெய்யவில்லை.

குழாய் தட்டுவது நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. மேலே குழல்விளக்கின் ரீங்காரம் மட்டும் கேட்டது. அவளுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இருபது மேசைகளும், அவற்றின் முன்னே இழுத்தபடி விட்டுப்போன நாற்காலிகளும், யார் யாரோ எழுந்து போனதற்குப் பதிலாக யார் யாரோ உட்காரப் போவது மாதிரி இருந்தன. திரும்பிப் பார்த்துவிட்டு, திரும்பியதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

தற்செயல். எங்கோ ஒருவன் வீட்டுப் படியும் உடைந்திருக்கலாம். அப்படிச் சொல்லிக்கொண்டே அந்தப் பொட்டலத்தை அழித்தாள்.

அறிக்கை நிரலை ஓட்டினாள். ஓடவில்லை. 'படிகள் இல்லாமல் தொடர முடியாது' என்று சிவப்பில் வந்தது. அவள் எழுதிய நிரல் அது. அதில் எங்கும் படிகள் என்ற சொல்லே கிடையாது. வரிவரியாகத் தேடினாள். கிடையாது. மறுபடி ஓட்டினாள். அதே சிவப்பு. மணி மூன்று பத்து. செல்போனில் கெய்லிடமிருந்து ஒரு செய்தி வந்து கிடந்தது: 'நாலரைக்கு மேல நான் ஆன்லைன்ல இருக்கமாட்டேன். நல்லபடியா முடிச்சிடுவேன்னு நம்பறேன்.'

நம்பறேன் என்ற சொல்லை அவள் இரண்டு முறை படித்தாள். ஒரு மடத்தனமான குறிப்புக்காகவா மகளின் மருந்தைத் தொலைப்பது. மார்னி மறுபடி இறக்கும் கட்டளையைத் தட்டினாள்.

'படிகள் 14' வந்தது. அது நிற்கவில்லை.

'பூட்ஸ் அறை 1' வந்தது. 'சமையலறை 1' வந்துகொண்டிருந்தது.

வாசல்கதவுக்கு உள்ளே பூட்ஸ் கழற்றும் சின்ன அறை. அதைத் தாண்டினால் சமையலறை. இந்த ஊரில் பாதி வீடு அப்படித்தான் என்று அவள் மூளை சொன்னது. கை ஏற்கெனவே மேசைத் தொலைபேசியை எடுத்திருந்தது. கட்டடத்தின் அடித்தளத்தில் செக்யூரிட்டி டெஸ்க். கேட்டைக் கவனிக்கிற ஆர்லன் மாக்கி என்ற அறுபது வயதுக்காரர் புயலானாலும் பூகம்பமானாலும் அங்கேதான் இருப்பார்.

"ஆர்லன் பேசறேன்."

"நாலாவது மாடி, மார்னி. கேட் வழியா என் மெஷினுக்கு என்ன வருதுன்னு பாத்துச் சொல்றீங்களா?"

"உனக்கா? ஒரு ஈ கூட வரல. மதியத்துலேர்ந்து வெளி லைனே செத்துக் கெடக்கும்மா. வீட்டுக்குப் போகலையா நீ?"

"அப்ப எனக்கு ஏதோ எறங்கிட்டிருக்கே, அது எங்கேர்ந்து வருது?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"வரலம்மா," என்றார் ஆர்லன். "போகுது. உன் சீட்லேர்ந்து ஏதோ வெளிய போயிட்டிருக்கு. லைன் செத்திருக்கு, ஆனா போகுது."

"என்ன போகுது?"

"மார்னி, நீங்க எல்லாரும் ஒரு ஃபைல் வச்சிருக்கீங்க, எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துட்டேன். அதுல கடைசி வரிக்கு முன்னாடி இருந்த குறிய அழிச்சிட்டியா?"

அவள் கோப்பைத் திறந்து அந்தக் கடைசி வரியைப் பார்த்தாள்.

"இந்தக் கேட்டை உங்க மேல சந்தேகப்பட்டுப் போட்டிருக்கோம்னு நெனச்சிட்டிருக்கீங்க. அதோட முதல் ரூலு என்ன தெரியுமா? வெளியேர்ந்து உள்ள வர்றதப் பத்தி இல்ல. அந்தக் கடைசி வரியில இருக்கற அட்ரஸ்லேர்ந்து எதுவும் வெளிய போகக்கூடாது. அவ்வளவுதான். எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது. அது என்ன அட்ரஸுன்னு கேட்டேன். இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்குன்னார். எந்த மெஷினுன்னு கேட்டேன். மெஷின் எதுவும் இல்லன்னார். அடுத்த திங்கக்கிழமை வேலைக்கு வரல."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"நெட் வயரப் பிடுங்கு. பிடுங்கிட்டு லைன்லயே இரு."

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுக் குனிந்து நீலநிற வயரைப் பிடுங்கினாள். திரையைப் பார்த்தாள்.

'சமையலறை 1' முடிந்திருந்தது. 'நடை 1' வந்துகொண்டிருந்தது. சமையலறையிலிருந்து லினேயாவின் அறைக்குப் போகும் நடை.

நிறுத்தும் விசையை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். அது ஓடிக்கொண்டே இருந்தது. வேறு யாரும் இல்லாத மாடியில் அவளுடைய மூச்சு அவளுக்கே பக்கத்தில் யாரோ விடுவதுபோலக் கேட்டது. தீய்ந்த காபியின் வாடை போய் வேறொரு வாடை வந்திருந்தது. ஈரக்கோட்டு, பிசுபிசுத்த ரப்பர் பூட்ஸ், ஆரஞ்சு வாசம் வரும் பாத்திர சோப்பு. அவள் வீட்டின் வாடை. நாலாவது மாடியில் அவள் வீட்டின் வாடை அடித்தது.

செல்போன் அடித்தது. லினேயா கிசுகிசுத்தாள்.

"அம்மா, நீ வந்துட்டியா?"

"இல்ல. ஏன்?"

"பூட்ஸ் ரூம் கதவு திறந்துச்சு. யாரோ பூட்ஸத் தட்டினாங்க. நீன்னு நெனச்சேன்."

"நீ எங்க இருக்க?"

"என் ரூம்ல."

"கதவப் பூட்டு. சத்தம் போடாமப் பூட்டு. பூட்டிட்டியா?"

"ம். அம்மா, ஃப்ரிட்ஜத் திறக்கறாங்க. என் ஜூஸ எடுக்கறாங்க. ஸ்ட்ரா குத்தற சத்தம் கேக்குது."

மார்னி ரிசீவரைப் பாய்ந்து எடுத்தாள். "ஆர்லன், 911 கூப்பிடுங்க. என் வீட்டுக்கு. வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க, என் பொண்ணு தனியா இருக்கா."

"அட்ரஸ் என் லிஸ்ட்ல இருக்கு, கூப்பிடறேன். மலைப்பக்கம் ரோடு மூடிட்டாங்க மார்னி, ஆனா கூப்பிடறேன்." இணைப்பு அறுந்தது.

செல்போனில் லினேயா மூச்சுவிடுவது கேட்டது. அதற்கும் பின்னால், தூரத்தில், இருமல் சத்தம். இரண்டு சின்ன இருமல், நடுவே ஒரு மூக்குறிஞ்சல்.

"லின், நீயா இருமின?"

"இல்ல," என்றாள் லினேயா. "அம்மா, அது என் மாதிரியே இருமுது."

திரையில் 'நடை 1' முடிந்தது. அடுத்த வரி மெதுவாக எழுந்தது. 'லினேயா 12. சேகரிக்கிறது.'

மார்னிக்குப் புரிந்தது. புரிந்ததை நம்ப மூளை மறுத்தது, உடம்பு நம்பிவிட்டது. பல்லெல்லாம் கூசியது.

"லின், நான் சொல்றதக் கேளு. ஜன்னலத் திற. பின்பக்க ஜன்னல். பனி மேடா கெடக்கும், அடிபடாது. குதிச்சு, பக்கத்து வீட்டு ஹாகன் தாத்தாகிட்ட ஓடு."

"கோட்டு பூட்ஸ் ரூம்ல இருக்கு."

"கோட்டு வேணாம். போர்வையச் சுத்திக்கோ. சாக்ஸோட போ."

"அம்மா, அது நடையில வருது. விரல சுவத்துல தேச்சுக்கிட்டே வருது. நான் அப்படித்தான் வருவேன்."

"போன போட்டுட்டுப் போ. ரெண்டு கையும் வேணும் உனக்கு. போ. இப்பவே போ."

ஜன்னல் சட்டம் கிறீச்சிட்டது. புயலின் இரைச்சல் திடீரெனக் காதை நிறைத்தது. மெத்தென்று ஏதோ விழுந்தது. பிறகு இரைச்சல் மட்டும். போய்விட்டாள். மார்னி கண்ணை மூடித் திறந்தாள். தப்பித்துவிட்டாள். குழந்தை வெளியே இருக்கிறாள்.

அப்போதுதான் ஹாகன் தம்பதி ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் அரிசோனா போனவர்கள். ஏப்ரலில்தான் வருவார்கள். அவர்கள் வீட்டுச் சாவியே மார்னியிடம்தான் இருந்தது.

"லின்!" என்று கத்தினாள். போனில் காற்று மட்டும் இரைந்தது. பிறகு ஜன்னல் சட்டம் மறுபடி கிறீச்சிட்டது. இரைச்சல் நின்றது. யாரோ ஜன்னலை உள்ளிருந்து மூடினார்கள். கொக்கி விழுந்தது.

அழைப்பு முடிந்தது.

மார்னி கணினியின் பக்கம் பாய்ந்தாள். மின்விசையில் விரலை வைத்தாள். ஐந்து விநாடி அழுத்தினால் அணைந்துவிடும். அந்த நொடியில் திரையில் புதுவரி வந்தது.

'ஏற்கெனவே உள்ளது: லினேயா 11. அகற்றுகிறது.'

விரல் நின்றது.

இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறாள். முதல்நாள் கற்றுக்கொண்ட பாடம் அது. பழையதை எடுத்துப் புதியதை வைக்கும்போது நடுவில் அணைக்கக்கூடாது. அணைத்தால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. இரண்டுங்கெட்ட நிலையில் எதையும் மீட்க முடியாது. முடியட்டும், முடிந்தபிறகு பழைய பதிப்பைத் திரும்பக் கேட்கலாம். அப்படித்தான் எப்போதும் செய்திருக்கிறாள். எத்தனையோ முறை.

அணைத்துவிடு.

அணைக்காதே. அவள் போய்விடுவாள்.

அணை.

எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு நகர்ந்தது. கால்வாசி. பாதி. விரல் விசைமேல் இருந்தது. அழுத்தவில்லை. முக்கால். தொழிலை மறந்து அம்மாவாக மட்டும் இருந்திருந்தால் அழுத்தியிருப்பேனோ என்று பிறகு ஒரு நினைப்பு வரும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது. அழுத்தவில்லை.

'அகற்றப்பட்டது: லினேயா 11.'

'நிறுவப்பட்டது: லினேயா 12.'

கர்சர் நின்று துடித்தது.

உடனே கட்டளையை அடித்தாள். லினேயா 11 வேண்டும். விரல்கள் தவறின. அழித்து மறுபடி அடித்தாள். பதில் வந்தது. 'அப்படி ஒரு பதிப்பு இல்லை.' மறுபடி அடித்தாள். 'அப்படி ஒரு பதிப்பு இல்லை.' மறுபடி.

திரையில் வேறேதோ ஓட ஆரம்பித்தது. அவளுடைய அறிக்கை. யாரும் ஓட்டாமலே ஓடியது. வரைபடங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. எல்லாம் சரியாக இருந்தது. பிடுங்கிய வயர் தரையில் கிடந்தது, அறிக்கை போய்ச் சேர்ந்தது. ஒரு நிமிஷத்தில் செல்போனில் கெய்லின் செய்தி மின்னியது. 'வந்துடுச்சு. அருமை. திங்கக்கிழமைலேர்ந்து நீ நிரந்தரம். வீட்டுக்குப் போய் பொண்ணோட இரு.'

மார்னி கோட்டை எடுக்கவில்லை. கார் சாவியை எடுத்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் மாடிப்படியில் இறங்கினாள். சிமெண்டுப் படி, ஜில்லென்ற கைப்பிடி, சுவரில் எதிரொலிக்கும் தன் காலடி. ஓடிக்கொண்டே போனைப் பார்த்தாள். மகளின் சர்க்கரை அளவு வரும் இடத்தில் ஒரு சின்னக் கோடுதான் இருந்தது. சிக்னல் இல்லை. இரண்டு மாடி இறங்கினாள். எண் வந்தது.

நூறு.

கொஞ்சம் நின்று பார்த்தாள். நூறு. அதற்கு முன்னால் நாள் முழுக்க மேலும் கீழும் ஏறி இறங்கிய கோடு, அங்கிருந்து நேராகப் போனது. ஆறு வருஷத்தில் அவள் அப்படி ஒரு நேர்க்கோட்டைப் பார்த்ததில்லை. உயிருள்ள உடம்பில் அப்படி வராது.

போன் அடித்தது. வீடியோ அழைப்பு. லினேயாவின் படம்.

ஏற்றாள்.

சமையலறை. விளக்கு எரிந்தது. மேசைமேல் போனை நிறுத்திவைத்து, அதற்கு முன்னால் லினேயா உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தது. கை இரண்டும் மேசைமேல் ஒழுங்காக இருந்தன. ஹாட்டிஷ் தட்டு முன்னால் இருந்தது. அடியில் இருந்ததுவரை துடைத்துச் சாப்பிட்டிருந்தது.

"அம்மா," என்றது. அதே குரல். "ஒண்ணும் இல்ல. நான் பயந்துட்டேன், அவ்வளவுதான். யாரும் வரல. போலீஸ்காரங்க போன் பண்ணாங்க, நல்லாருக்கேன்னு சொல்லிட்டேன். நீ மெதுவா வா."

மார்னி அதன் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்குப் பின்னால் ஜன்னல். வெளியே நீலமாக இருட்டிக்கொண்டு வந்தது. பனி குறுக்காகப் பறந்தது.

ஜன்னலுக்கு வெளியே போர்வை சுற்றிய ஒரு குழந்தை நின்றது.

முடியில் பனி. உதடு நீலம். இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. அம்மா. அம்மா. சத்தமே இல்லை. கண்ணாடியில் மூச்சுப் படியவே இல்லை. அதன் தோள் வழியாகப் பின்னால் பறக்கும் பனி தெரிந்தது.

"லின்," என்றாள் மார்னி. "லின், கண்ணு."

"இங்கதான் இருக்கேன்," என்றது மேசையில் இருந்தது.

"ஜன்னலத் திற. தயவுசெஞ்சு திற. உள்ள விடு அவள."

அது திரும்பிப் பார்த்தது. நிதானமாகப் பார்த்தது. வெளியே இருந்தவள் அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அது எழுந்து, ஜன்னலிடம் போய், கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தது.

"யாரும் இல்லம்மா," என்றது. "பனிதான்."

திரைச்சீலையை இழுத்தது. அது கொஞ்சம் குட்டையான திரைச்சீலை. அதற்குக் கீழே, கண்ணாடியின் ஓரத்தில், கையுறை இல்லாத ஒரு சின்னக் கை மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.